1,100 மணி நேரமும் 480 மணி நேரமும்

ஆங்கிலம் மட்டுமே அறிந்த ஓர் அமெரிக்க அதிகாரி, பணிக்குப் போதுமான அளவு தமிழ் கற்க 44 வாரம் தேவை. இது அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் நெடுங்காலமாக வெளியிட்டுவந்த கணக்கு. வாரத்துக்கு 25 மணி நேர வகுப்பு என்றால் மொத்தம் 1,100 மணி நேரம். அதே பட்டியலில் ஸ்பானியத்துக்கு 600 முதல் 750 மணி நேரமும், ஜெர்மனுக்கு 36 வாரங்களில் 900 மணி நேரமும் போடப்பட்டுள்ளன. அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய நான்குக்கும் 88 வாரம், அதாவது 2,200 மணி நேரம். 0 முதல் 5 வரையான அளவுகோலில் பேச்சிலும் வாசிப்பிலும் 3ஆம் நிலையை எட்டுவதே இலக்கு. 3ஆம் நிலையில் இருப்பவரால் அலுவல் பேச்சுவார்த்தையை மொழிபெயர்ப்பாளர் துணையின்றி நடத்த முடியும்.

பன்னாட்டு உறவுகளையும் மொழியையும் பண்பாட்டையும் சேர்த்துக் கற்பிக்கும் அமெரிக்கப் பட்டப்படிப்பு மொழிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறது? தாராளமாகவே கணக்கிடுவோம். ஒரு செமஸ்டர் 15 வாரம். முதல் இரண்டு ஆண்டுகளில் வாரம் 5 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 150. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வாரம் 3 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 90. நான்கு ஆண்டுகளில் 480 மணி நேரம். இது ஸ்பானியத்தின் உச்சத் தேவையில் 64 விழுக்காடு, ஜெர்மனில் 53, தமிழில் 44, அரபிலும் சீனத்திலும் 22 விழுக்காடு.

முழுப் பட்டத்துக்கும் 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 15 வகுப்பு மணி என்ற வழக்கமான அளவில் அது 1,800 மணி நேரம். பன்னாட்டுச் சட்டம், பொருளியல், வரலாறு எல்லாவற்றையும் கைவிட்டு, நான்கு ஆண்டுகளும் சீனம் ஒன்றையே படித்தாலும் 2,200ஐ எட்ட 400 மணி நேரம் குறையும். ஒப்பீட்டில் ஓர் எச்சரிக்கை தேவை. வெளியுறவுத் துறையின் வகுப்புகள் சிறியவை. அங்கு பயில்பவர்கள் ஊதியம் பெற்றுக்கொண்டு முழுநேரமும் மொழியிலேயே இருப்பவர்கள். ஆகவே பல்கலைக்கழக வகுப்பின் ஒரு மணி நேரம் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாகும் என்று கொள்வதே மிகையான சலுகை. வீட்டில் அந்த மொழியைக் கேட்டு வளர்ந்த மாணவருக்கு மட்டும் கணக்கு வேறு: அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை.

இந்தப் பற்றாக்குறைக்குப் பணமதிப்பும் உண்டு. 2023–24 கல்வியாண்டில் அரசுப் பல்கலைக்கழகங்கள் தம் மாநில மாணவர்களிடம் வாங்கிய சராசரிக் கட்டணம் 11,260 டாலர். லாப நோக்கற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் 41,540 டாலர். இவை உதவித்தொகை கழிப்பதற்கு முந்தைய அறிவிப்புக் கட்டணங்கள். ஆண்டுக்கு 30 கிரெடிட், 450 வகுப்பு மணி என்று வகுத்தால் ஒரு மணி நேரத்தின் விலை அரசுப் பல்கலைக்கழகத்தில் 25 டாலர், தனியாரில் 92 டாலர். அன்றைய ஏறத்தாழ 83 ரூபாய் மதிப்பில் 25 டாலர் என்பது 2,075 ரூபாய். 480 மணி நேர மொழிக்கல்வியின் பங்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் சுமார் 12,000 டாலர், தனியாரில் சுமார் 44,300 டாலர். தமிழுக்கான 1,100 மணி நேரத்தையும் அரசுப் பல்கலைக்கழக விலையில் வாங்கினால் சுமார் 27,500 டாலர் ஆகும். தங்குமிடமும் உணவும் இதில் சேரவில்லை.

இந்தச் சுமையை மாணவர் தலையில் மட்டும் வைக்கக் கூடாது என்று அமெரிக்கா ஒருமுறை முடிவெடுத்தது. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது 1957 அக்டோபர் 4. தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கையொப்பமானது 1958 செப்டம்பர் 2. இடைவெளி 333 நாட்கள். அச்சட்டத்தின் ஆறாம் பகுதி, அதுவரை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அரிதாகவே கற்பிக்கப்பட்ட மொழிகளுக்கு ஆய்வு மையங்களையும் உதவித்தொகைகளையும் ஏற்படுத்தியது. தெற்காசிய மொழிகள் அங்கே நிலையான இடம் பெற்றதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 1962 முதல், இந்தியாவுக்கு விற்ற கோதுமைக்கு ஈடாக ரூபாயில் சேர்ந்திருந்த தொகையிலிருந்து இந்திய மொழி நூல்களும் வாங்கப்பட்டு அமெரிக்க நூலகங்களுக்குப் போயின. தமிழ் நூல்களும் அவற்றில் அடங்கும்.

அந்த ஆறாம் பகுதியின் வழிவந்த திட்டங்களுக்கும், வெளிநாட்டுப் படிப்புக்கு நிதி தரும் ஃபுல்பிரைட்–ஹேஸ் திட்டத்துக்குமாகச் சேர்த்து 2010 நிதியாண்டில் ஒதுக்கப்பட்டது 12.59 கோடி டாலர். 2011இல் அது 7.57 கோடி. ஒரே ஆண்டில் 5.02 கோடி டாலர், அதாவது 40 விழுக்காடு வெட்டு. 2023இல் 8.57 கோடிக்கு உயர்ந்தது. விலைவாசி ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காமலேயே இது 2010இன் தொகையைவிட 32 விழுக்காடு குறைவு. 2026 நிதியாண்டுக்கு அரசு முன்வைத்த வரைவில் இந்தத் தலைப்பையே நீக்கும்படி கேட்கப்பட்டது.

மாணவர் எண்ணிக்கையும் அதே திசையில் நகர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் நடத்தும் கணக்கெடுப்பில், ஆங்கிலம் தவிர்த்த மொழிகளில் கல்லூரி, பல்கலைக்கழகப் பதிவுகள் 2009இல் சுமார் 16.7 லட்சம். 2016இல் 14.2 லட்சம். 2021இல் 11.8 லட்சம். 12 ஆண்டுகளில் 29 விழுக்காடு சரிவு. 2016–2021 காலத்தை மட்டும் எடுத்தால் சரிவு 16.6 விழுக்காடு, அதே காலத்தில் மொத்த மாணவர் எண்ணிக்கை குறைந்தது சுமார் 8 விழுக்காடு. பெருந்தொற்றும் பிறப்பு விகிதமும் மட்டுமே காரணம் என்றால் இரண்டு எண்களும் அருகருகே நின்றிருக்கும். இங்கே ஒன்று மற்றதைப் போல இரு மடங்கு. 1965இல் ஒவ்வொரு 100 மாணவருக்கும் 16.5 மொழிப் பதிவுகள் இருந்தன, 2016இல் 7.5. பாதிக்கும் கீழே.

மொழிவாரியாகப் பிரித்தால், 2016க்கும் 2021க்கும் இடையே ஸ்பானியம் 7,12,240இலிருந்து 5,84,453 ஆனது. பிரெஞ்சு 1,75,667இலிருந்து 1,35,088. ஜெர்மன் 80,594இலிருந்து 53,543. மூன்றிலும் சேர்த்து இழப்பு 1,95,417. வளர்ந்த மொழி கொரியம்: 13,936இலிருந்து 19,270, அதாவது 38 விழுக்காடு ஏற்றம். கொரியப் பாடலும் தொடரும் மாணவர்களை வகுப்புக்கு இழுத்துவந்திருக்கின்றன என்பது நல்ல செய்தி, நானும் மகிழ்கிறேன். ஆனால் கொரியத்தின் கூடுதல் 5,334 பதிவுகள்தாம். மூன்று மொழிகளின் இழப்பில் அது 2.7 விழுக்காடு.

பதிவு குறைந்தால் முதலில் போவது மூன்றாம், நான்காம் ஆண்டு வகுப்புகள்; அடுத்துத் துறையே. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023இல் 4.5 கோடி டாலர் பற்றாக்குறையைக் காட்டி 28 முதன்மைப் படிப்புகளையும் 143 ஆசிரியர் பணியிடங்களையும் நீக்க வாக்களித்தது. வெளிநாட்டு மொழிப் பட்டங்கள் அந்தப் பட்டியலில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மான்டரே நகரில் 1955இல் தொடங்கப்பட்ட மிடில்பரி சர்வதேச ஆய்வு நிறுவனத்தின் கதை இதைவிடக் கனமானது. மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்பு, அணு ஆயுதப் பரவல் தடுப்பு ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் கற்பித்த இடம் அது. தாய் நிறுவனமான மிடில்பரி கல்லூரி 2025இல் எதிர்பார்த்த பற்றாக்குறை 1.41 கோடி டாலர். அதில் மான்டரேயின் பங்கு 87 லட்சம், அதாவது 62 விழுக்காடு. அதே ஆண்டு ஆகஸ்டில், மான்டரேயில் தங்கிப் படிக்கும் முதுநிலைப் படிப்புகளை 2027க்குள் முடித்துக்கொள்வதாகக் கல்லூரி அறிவித்தது. அதே மான்டரேயில் அமெரிக்க ராணுவத்தின் மொழிப்பள்ளியும் இருக்கிறது. அங்கு அரபுக்கும் சீனத்துக்கும் 64 வாரப் படிப்பு. அதன் செலவைப் பாதுகாப்புத் துறை ஏற்கிறது. மொழி தேவைதான் என்பதில் அரசுக்கு ஐயமில்லை. யார் செலவில், யாருடைய தேவைக்காக என்பதில்தான் வேறுபாடு.

மொழி கற்க மாற்றுவழி, அந்த நாட்டில் போய் வாழ்வது. பெருந்தொற்றுக்கு முந்தைய 2018–19இல் 3,47,099 அமெரிக்க மாணவர்கள் பாடக் கணக்கில் வெளிநாடு போனார்கள். எண் பெரியது. ஆனால் அவர்களில் 64.9 விழுக்காட்டினர் கோடைக்காலத்துக்கோ 8 வாரத்துக்கு உட்பட்டோ மட்டும் போனவர்கள். முழுக் கல்வியாண்டு தங்கியவர்கள் 2.2 விழுக்காடு, சுமார் 7,600 பேர். 8 வாரத்தில் வாரம் 20 மணி நேரம் படித்தாலும் 160 மணி நேரம்தான். தமிழுக்கான தேவையில் ஏழில் ஒரு பங்கு. 2020–21இல் மொத்த எண்ணிக்கை 14,549ஆக விழுந்தது. 2022–23இல் 2,80,716க்கு மீண்டது. பழைய அளவில் 81 விழுக்காடு.

சீன நாட்டில் அந்த மீட்சி நடக்கவில்லை. 2011–12இல் அங்கு படித்த அமெரிக்க மாணவர்கள் 14,887. 2018–19இல் 11,639. 2021–22இல் 211. 2022–23இல் 469, உச்ச ஆண்டின் 3.2 விழுக்காடு. அதே 2022–23இல் அமெரிக்காவில் படித்த சீன மாணவர்கள் 2,89,526. ஓர் அமெரிக்கருக்கு 617 சீனர். அமெரிக்கா சென்ற சீனர்கள் பெரும்பாலும் பட்டம் பெறப் போனவர்கள், சீனம் சென்ற அமெரிக்கர்களில் பலர் குறுகிய காலத்துக்குப் போனவர்கள் என்பதால் இரண்டும் ஒரே வகை எண்கள் அல்ல. அப்படியிருந்தும், ஒரு பக்கத்தில் எதிர்நாட்டு மொழியில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்க, மறுபக்கத்தில் 469 பேர் என்பது இருபது ஆண்டுகள் கழித்துப் பேச்சுவார்த்தை மேசையில் தெரியக்கூடிய வேறுபாடு.

மேசையில் ஏற்கெனவே தெரிவதும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2008 அக்டோபரில் அமெரிக்க வெளியுறவுத் துறையில் வெளிநாட்டு மொழித்திறன் கட்டாயமான பணியிடங்களில் 31 விழுக்காட்டில் அந்தத் திறன் இல்லாதவர்கள் இருந்தனர். 2016 செப்டம்பரில் இது 23 விழுக்காடு. 8 புள்ளி குறைந்தது முன்னேற்றம்தான். ஆனாலும் ஏறத்தாழ நான்கில் ஓர் இருக்கையில், தேவையான அளவு உள்ளூர் மொழி வராத ஒருவர் அமர்ந்திருந்தார். பல்கலைக்கழகம் கொடுக்காமல் விட்ட மணி நேரத்தை அரசு தன் ஊதியப் பட்டியலிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது: 2,200 மணி நேர மொழி என்றால் ஓர் அதிகாரியின் 88 வார ஊதியம்.

இந்த இடைவெளியை அடைக்க நேரடியாக வந்த திட்டம் போரன் உதவித்தொகை. 1958இன் சட்டத்திலிருந்து வேறான, 1991இன் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் உருவானது. 25 முதல் 52 வாரம் வெளிநாட்டில் மொழி கற்கும் இளநிலை மாணவருக்கு 25,000 டாலர் வரை தருகிறது. பதிலுக்குக் குறைந்தது ஓர் ஆண்டு மத்திய அரசுப் பணி செய்ய வேண்டும். மேலே 1,100 மணி நேரத்துக்குக் கண்ட 27,500 டாலருக்கு மிக அருகில் இருக்கும் தொகை இது. நான் பார்த்தவற்றில் மொழிக்கான உண்மையான விலையை ஒப்புக்கொண்டு போடப்பட்ட சில திட்டங்களில் இதுவும் ஒன்று.

அரசு விலகும் இடத்தில் சமூகம் வந்து நின்றதற்கு எடுத்துக்காட்டு நம்மிடமே உண்டு. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்ட மூலதனம் 60 லட்சம் டாலர். தமிழ்நாடு அரசு 2017இல் அறிவித்த 10 கோடி ரூபாய், அன்றைய மதிப்பில் சுமார் 15 லட்சம் டாலர், ஏறத்தாழ கால் பங்கு. மற்றதில் பெரும்பகுதி உலகெங்கும் உள்ள தமிழர்களின் நன்கொடை. ஆண்டுக்கு 4 விழுக்காடு எடுக்கலாம் என்று கொண்டால் அந்த மூலதனம் 2.4 லட்சம் டாலர் தரும். அமெரிக்க நாடாளுமன்றம் எந்த ஆண்டு எதை வெட்டினாலும் இந்தத் தொகை வெட்டுப்படாது. ஆனால் ஓர் இருக்கை என்பது ஒரு பேராசிரியர். முதலாண்டு வகுப்பில் 5 மணி நேரம் எழுத்தும் பேச்சும் சொல்லிக்கொடுக்கும் விரிவுரையாளருக்கு இதுபோன்ற மூலதனம் திரட்ட யாரும் முன்வருவதில்லை. 1,100 மணி நேரத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பவர் அவரே.

நம் நாட்டின் எண்ணும் ஆறுதல் தருவதாக இல்லை. நாடாளுமன்ற வெளியுறவு நிலைக்குழு 2023 மார்ச்சில் அளித்த அறிக்கையின்படி, வெளியுறவு அமைச்சகத்தின் மொத்தப் பணியாளர் பலம் 4,888. அதில் இந்திய வெளியுறவுப் பணி அதிகாரிகள் 1,011. 2023–24இல் அமைச்சகத்துக்கான ஒதுக்கீடு 18,050 கோடி ரூபாய், 45.03 லட்சம் கோடி ரூபாய் மத்திய பட்ஜெட்டில் 0.4 விழுக்காடு. புதிய அதிகாரி ஒவ்வொருவருக்கும் ஒரு வெளிநாட்டு மொழி கட்டாயம். 140 கோடி மக்களுக்கு 1,011 பேர் என்றால் 14 லட்சம் பேருக்கு ஒருவர்.

பிளஸ் டூ முடித்து, பன்னாட்டு உறவுகளும் மொழியும் சேர்ந்த இத்தகைய படிப்பை நாடும் மாணவருக்கும், அதற்குக் கடன் வாங்கப்போகும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இது. கையேட்டில் உள்ள நாடுகளின் படங்களைப் பார்ப்பதற்கு முன் சில எண்களைக் கேளுங்கள். நான்கு ஆண்டுகளில் ஒரே மொழிக்கு மொத்தம் எத்தனை வகுப்பு மணி? அந்த மொழி பேசும் நாட்டில் எத்தனை வாரம், யார் செலவில்? மூன்றாம், நான்காம் ஆண்டு மொழி வகுப்பு கடந்த ஆண்டு உண்மையில் நடந்ததா, எத்தனை பேர் படித்தார்கள்? மொத்தம் 480க்குக் கீழே என்றால், மீதி மணி நேரத்தை எங்கே, என்ன செலவில் பெறப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் கடன் தொகையைப் போடுங்கள். சொன்ன எண்களைச் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.