21 வயது: மலையேறாத ஒரு விதி

டாஸ்மாக் கடைகளில் பலவற்றின் முகப்பு ஒரே மாதிரிதான். இரும்புக் கம்பி வலை, அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து, உள்ளே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே விற்பனையாளர். பொழுது சாய்ந்து கூட்டம் நெருக்கும்போது அவர் கண்ணில் படுபவை முகங்கள் அல்ல. ரூபாய் நோட்டோடு நீளும் கைகள்தான். நோட்டை வாங்க வேண்டும், குவார்ட்டரைக் கொடுக்க வேண்டும், அடுத்த கையைப் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே, எந்தக் கைக்கு இன்னும் 21 வயது ஆகவில்லை என்று கண்டுபிடிப்பதும் அவர் வேலைதான்.

21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்கின்றன தமிழ்நாடு மதுபானச் சில்லறை விற்பனை விதிகள், 2003. 1983இல் தொடங்கிய அரசு நிறுவனமான டாஸ்மாக் மொத்த வியாபாரம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. 2003 நவம்பரில்தான் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. மது மாநிலப் பட்டியலில் இருக்கும் விஷயம் என்பதால் இந்த வயது ஊருக்கு ஊர் மாறும். கேரளத்தில் 23, டெல்லியில் 25, புதுச்சேரியில் 18. திருவண்ணாமலையில் வாங்கக் கூடாத 19 வயதுப் பையன் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய்விட்டால் அவன் செய்வதில் தவறே இல்லை.

18 வயதுக்கு உட்பட்டவர்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் கறாரானது. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 77ஆம் பிரிவின்படி ஒரு குழந்தைக்கு மது கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சாராயத்தை விற்கவோ எடுத்துச் செல்லவோ குழந்தையைப் பயன்படுத்தினாலும், அடுத்த பிரிவின்படி இதே தண்டனைதான். பழைய 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் மது கொடுத்தால் மூன்று ஆண்டுதான். அந்தப் பழைய சட்டம் நடைமுறையில் இருந்த 2015 ஜூலையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் நான்கு வயதுச் சிறுவனுக்குப் பெரியவர்கள் சிலர் சிரித்துக்கொண்டே மதுவைக் குடிக்க வைக்கும் வீடியோ வாட்ஸ்அப்பில் பரவி மாநிலத்தையே உலுக்கியது. கைதானவர்களில் ஒருவர் குழந்தையின் மாமா. வீடியோ வெளியே வந்ததால்தான் வழக்கு வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஜப்பானில் கதை வேறு. இபராக்கி மாவட்டத்து நாடாளுமன்ற உறுப்பினர் நெமோத்தோ ஷோ, சிறார் குடிப்பதைத் தடுக்கும் மசோதாவை முதன்முதலில் கொண்டுவந்தது 1901இல். தோற்றது. மறுபடி மறுபடி கொண்டுவந்தார், 1922இல்தான் நிறைவேறியது. இருபது வயது ஆகாதவர் குடிக்கக் கூடாது என்ற அந்தச் சட்டத்துக்கு நூறு வயது கடந்துவிட்டது. 2022 ஏப்ரலில் அந்த நாடு வயதுவந்தோர் என்ற தகுதியை 20இலிருந்து 18ஆகக் குறைத்தபோதும் குடிக்கும் வயதைத் தொடவில்லை; சட்டத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது.

அந்தச் சட்டத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு வியப்பான ஓர் அம்சம் உண்டு. குடித்த பையனுக்குத் தண்டனையே கிடையாது. தெரிந்தும் தடுக்காத பெற்றோருக்குச் சிறு அபராதம். வயது தெரிந்தும் விற்ற கடைக்காரருக்கு 5 லட்சம் யென் வரை அபராதம். நம் கணக்கில் ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய். அதைவிட அவர் அஞ்சுவது, அபராதத்தைத் தொடர்ந்து லைசென்சும் பறிபோகலாம் என்பதற்கு. அதனால்தான் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் பீர் கேனை ஸ்கேன் செய்ததும், உங்களுக்கு இருபது வயது ஆகிவிட்டதா என்று திரை கேட்கிறது. நரைத்த தலைக்காரரும் ஆம் என்று பொத்தானை அழுத்தியாக வேண்டும். பொய் சொல்லி அழுத்துபவர்கள் அங்கும் உண்டு. ஆனாலும் கேள்வி கேட்காமல் விற்பனை நடக்காது.

சட்டம் தொடாத இடத்தை ஊர் வாய் தொடுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாட்கள் முன்பு, ஜப்பான் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணியின் கேப்டன் ஷோகோ மியாதா புகைத்ததும் குடித்ததும் தெரியவந்து அணியிலிருந்து விலக நேர்ந்தது. அவருக்கு அப்போது 19 வயது. இது கொஞ்சம் அதிகம் என்றே தோன்றுகிறது. அங்கேயும் பலர் அப்படித்தான் சொன்னார்கள்.

தெருமுனைகளில் மது விற்கும் இயந்திரங்கள் ஜப்பானில் ஒரு காலத்தில் லட்சத்துக்கும் மேல் இருந்தன. காசு போட்டால் பாட்டில் வரும். வயது கேட்க ஆள் இல்லை. 1995இல் மது வணிகர்களின் சங்கமே, வயதைச் சரிபார்க்காத பழைய இயந்திரங்களை 2000க்குள் எடுத்துவிடுவது என்று முடிவெடுத்தது. 2023 ஏப்ரலில் சென்னை கோயம்பேட்டில் ஒரு மால் கடையில் டாஸ்மாக் இதுபோன்ற இயந்திரத்தை வைத்தபோது பெரும் கூச்சல் கிளம்பியது. இயந்திரம் கடைக்குள்தான் இருக்கிறது, ஊழியர் கண்காணிக்கிறார், 21 வயது ஆகாதவர் வாங்க முடியாது என்று டாஸ்மாக் விளக்கம் சொன்னது. கம்பி வலைக் கடைகளைப் பற்றி அப்போது யாரும் அதே கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்டாலும் பதில் சுலபமல்ல. ஜப்பானில் கடைக்காரருக்கு இழக்க லைசென்ஸ் இருக்கிறது. இங்கே விதியை எழுதியது அரசு, விற்பது அரசு, தவறினால் பிடிக்க வேண்டியதும் அரசு. 2023-24இல் மது வழியே கருவூலத்துக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். கம்பிக்கு உள்ளே நிற்பவரோ தொகுப்பூதியக்காரர். டாஸ்மாக்கில் அப்படி 23,000க்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். மீசை அரும்பாத பையனிடம் ஆதார் கேட்டால் முதலில் வருவது சண்டை. சண்டை ஓய்ந்ததும் அவன் வெளியே நிற்கும் ஒரு அண்ணனைப் பிடிப்பான். ஒரு கட்டிங் கமிஷனுக்கு அவர் வாங்கித் தந்துவிடுவார்.

இதெல்லாம் கடை இருக்கும் ஊர்க் கதை. ஜவ்வாது மலைக்கு ஏறினால் கணக்கே மாறிவிடும். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் மலை இது. மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் காடும் கொல்லையுமாகச் சிதறிக் கிடக்கின்றன. சாமை, புளி, பலா, தேன் எல்லாம் ஜமுனாமரத்தூர் பக்கம் வரும் சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரியும். காவலூர் வானியல் ஆய்வகத்தையும் தெரியும். போலீஸ் செய்திகளில் இந்த மலை அடிபடுவது வேறொரு பொருளுக்காக: சாராய ஊறல்.

ஓடையோரம் புதருக்குள் பேரல்கள். அவற்றில் வெல்லமும் வேலம்பட்டையும் தண்ணீரில் ஊறும். சில நாளில் நுரைத்துப் புளித்ததும் அடுப்பேற்றிக் காய்ச்சி வடிப்பார்கள். வடித்த சரக்கு லாரி டியூப்களில் அடைபட்டு, தோளிலோ டூவீலரிலோ அடிவாரத்துக்கு இறங்கி, பாக்கெட்டாகிக் கைமாறும். ஒரு மாவட்டப் போலீஸ் ஏறினால் காய்ச்சுபவர் எல்லை தாண்டி அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடுவது எளிது. வேலூர் பக்கம் அணைக்கட்டு ஒன்றியத்து அல்லேரி மலையில் மதுவிலக்குப் போலீசார் எத்தனையோ முறை ஏறி ஊறலைக் கொட்டியிருக்கிறார்கள். 2023 மே மாதத்தில் அதே மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலை, ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட்டதால், பெற்றோரே சுமந்து நடந்தார்கள். டியூப் இறங்கும் வழியில் அன்று ஆம்புலன்ஸ் ஏற முடியவில்லை.

பாக்கெட் விற்பவரிடம் வயது வரம்பைப் பற்றிப் பேச முடியுமா? வியாபாரம் முழுவதுமே குற்றம் என்றான பிறகு, பதினைந்து வயதுக்காரனுக்கு விற்பதால் அவருக்குப் பயம் ஒன்றும் கூடிவிடுவதில்லை. ஏட்டில் இளைஞர் நீதிச் சட்டம் உண்டு. ஆனால் இத்தனை ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு என்று வரும் செய்திகளில், அது யாருக்கு விற்கப்பட்டது என்ற வரி அநேகமாக இருக்காது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு சட்டம் திருத்தப்பட்டது. கள்ளச்சாராயத்தால் உயிர்ப்பலி நேர்ந்தால் இப்போது ஆயுள் தண்டனை வரை போகும். சாவைத் தடுக்க அது தேவைதான். வயதைக் கேட்க அது உதவாது.

மதுக்கடைகளில் வயதுச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கும் கொள்கை வேண்டும் என்று, குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதை எதிர்க்கும் அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்றம் போனது. 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் போயிற்று. டாஸ்மாக்கில் பாட்டிலை ஸ்கேன் செய்யும் கையடக்கக் கருவிகள் வந்திருக்கின்றன. பில்லுக்கு முன்னால் வயது கேட்கும் ஒரு பொத்தானை அவற்றில் சேர்ப்பது பெரிய காரியமல்ல. மலைக்குப் பொத்தான் போதாது. அங்கே அரசிடம் ஏற்கனவே ஒரு திட்டம் இருக்கிறது: சாராயத் தொழிலை விட்டவர்களுக்கு மறுவாழ்வு நிதி. கறவை மாடு வாங்கலாம், பெட்டிக்கடை போடலாம். மாடு வாங்கிய குடும்பம் பாலைக் கெடுவதற்குள் அடிவாரத்தில் சேர்க்க, முதலில் ஒரு தார் ரோடு மேலே போயாக வேண்டும்.