ஆவண மரத்தில் வழியறிதல்

கணினித் திரையில் ஒரு நூலைப் படிப்போர்க்கு, அஃது அச்சேறிய ஏடு போலவே மேலிருந்து கீழாக ஓடுவதாகத் தோன்றும். கணினியோ அவ்வாறு கொள்வதில்லை. குறியிடப்பெற்ற ஆவணத்தை அது வேர் மேலும் கிளை கீழுமாக நிற்கும் ஒரு மரமாகவே நினைவில் அமைத்துக்கொள்கின்றது. அம்மரத்தை நிரல்கள் அணுகும் முறையை வகுத்துரைப்பது டாக்குமெண்ட் ஆப்ஜெக்ட் மாடல். சுருங்கச் சொல்லின், டாம். இதன் முதற்படியை டபிள்யூ3சி என்னும் வலைக் கூட்டமைப்பு 1998-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெளியிட்டது.

நாம் நன்கறிந்த திருக்குறளையே சான்றாகக் கொள்வோம். அதனை எக்ஸ்எம்எல் முறையிற் குறியிடுங்கால், நூல் என்பது வேர். அதன் மக்கள் முப்பால். பாலின் மக்கள் அதிகாரங்கள். ஒவ்வோர் அதிகாரத்தின் மக்களும் பத்துக் குறள்கள். இம்மரத்தின் ஒரு கணுவில் நிற்கும் நிரல் தன் நெருங்கிய சுற்றத்தாரையே நேரே கேட்டறியும். தந்தையைப் 'பேரண்ட் நோட்' என்றும், தலைமகனை 'ஃபர்ஸ்ட் எலிமெண்ட் சைல்டு' என்றும், அடுத்த உடன்பிறப்பை 'நெக்ஸ்ட் எலிமெண்ட் சிப்ளிங்' என்றும் அது வினவும்.

இனி ஒரு வினா. 380-ஆம் குறளுக்கு அடுத்தது யாது? படிப்போர் 381 என்பர். மேற்கூறியவாறு அடுத்த உடன்பிறப்பை வினவும் நிரலுக்குக் கிடைக்கும் விடையோ 'நல்'. அஃதாவது, ஒன்றுமில்லை என்பது. (தமிழில் இவ்வொலி நன்மையைக் குறிப்பது வேடிக்கையே.) அவ்விடை பொய்யன்று. 380 ஊழ் என்னும் அதிகாரத்தின் கடைசிப் பிள்ளை. 381 இறைமாட்சியின் தலைப்பிள்ளை. இரண்டிற்கும் தந்தையர் வேறு. பாட்டன்மாராகிய அறத்துப்பாலும் பொருட்பாலுமே உடன்பிறந்தார். ஏட்டில் அடுத்தடுத்து நிற்பவை மரத்தில் இவ்வளவு தூரத்து உறவாய் முடிகின்றன.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. முதற்குறளில் தொடங்கி உடன்பிறந்தாரை மட்டுமே பின்பற்றும் நிரல் பத்தாம் குறளோடு நின்றுவிடும். தவறு நேர்ந்ததென்று ஒரு சொல்லும் உரையாது. எஞ்சிய 1320 குறளும் அதற்கு இல்லாதனவே. சொல்லடைவு ஒன்றை இவ்வாறு தொகுப்போமாயின், வள்ளுவர் வழங்கிய சொற்கள் பலவற்றை அவர் வழங்கவேயில்லை எனத் துணிந்து எழுதிவிடுவோம்.

செய்யத்தக்கது யாதெனின், உடன்பிறப்பு இல்லாதபோது தந்தையிடம் ஏறுதல். தந்தைக்கும் அடுத்தவர் இலரேல் பாட்டனிடம் ஏறுதல். அடுத்தவர் கிடைத்தவுடன் அவர் வழியே தலைப்பிள்ளை தலைப்பிள்ளையாக இறங்குதல். 380-இலிருந்து ஊழுக்கும், அங்கிருந்து அறத்துப்பாலுக்கும் ஏறிப் பொருட்பாலுக்குத் தாண்டி, இறைமாட்சி வழியே 381-க்கு இறங்குகிறோம். வேர்வரை ஏறியும் அடுத்தவர் இல்லையெனின், அப்பொழுதே நூல் முடிந்தது. இவ்வேலையைத் தானே செய்யும் 'ட்ரீவாக்கர்' என்னும் கருவியை 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம்படி அளித்தது.

மேலே 'எலிமெண்ட்' என்னும் சொல்லை விடாது சேர்த்து எழுதினோம், காரணம் உண்டு. ஓர் அதிகாரத்தின் பத்துக் குறளையும் தனித்தனி வரியில் தட்டெழுதி, அதன் 'சைல்டு நோட்ஸ்' எத்தனை என்று கேட்பின், 21 என்று விடை வரும். குறள்களுக்கு முன்னும் பின்னும் இடையிலும் உள்ள வரிமுறிவுகள் பதினொன்றும் மரத்தில் எழுத்துக் கணுக்களாய் வீற்றிருக்கின்றன! வெறும் 'நெக்ஸ்ட் சிப்ளிங்' என்று கேட்போர்க்கு அடுத்த குறள் அன்று, வெற்றிடமே கைக்கு வரும். குறிகள் இட்ட உறுப்புகளை மட்டுமே தொட்டுச் செல்லும் சொற்கள் 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் 'எலிமெண்ட் டிராவர்சல்' என்னும் பரிந்துரையாக வந்தன. அங்ஙனமாயின் வெற்றிடத்தை முற்றும் களைந்துவிட்டாலென்ன? கூடாது. ஒரு குறளின் ஏழு சீர்க்கும் தனித்தனியே குறியிட்டோமெனின், சீரையும் சீரையும் பிரிப்பது அந்த வெற்றிடமே. அதனை நீக்கின் ஏழு சீரும் ஒட்டி ஒரு சொல்லாகிவிடும். மரம் அதனைப் போற்றி வைத்திருப்பது முறையே என்பது நம் கருத்து.

இன்னொன்று. குறளிலிருந்து பாலை அடைய 'தந்தையின் தந்தை' என்று படியெண்ணி எழுதுவது எளிது. ஆனால் அதிகாரங்களை இயல்களாகப் பகுப்பதில் உரையாசிரியர்கள் தம்முள் வேறுபடுவர் என்பது யாவரும் அறிந்ததே. நாளை ஒருவர் தாம் விரும்பிய பகுப்பின்படி இயல் என்னும் படியை இடையிற் செருகின், அதே நிரல் பாலுக்கு மாறாக இயலைக் கொண்டுவந்து நிறுத்தும். 'க்ளோஸஸ்ட்' என்னும் ஏவலோ படிகளை எண்ணுவதில்லை. பால் என்னும் பெயரைக் கொடுத்தால், நின்ற கணுவை முதலிற் சோதித்து, பின் தந்தை, பாட்டன் என மேலேறி, அப்பெயருடையாரைக் கண்டவிடத்து நிற்கும். இடையில் இயல் இருப்பினும், இல்லாவிடினும்.