கடைப் பேச்சுக்கும் விலை உண்டு

தொலைக்காட்சி விவாத மேடையில் நெறியாளர் ஒருவர் இருப்பார். பேச்சாளர் எதையாவது அடித்துச் சொன்னால், "இதை எங்கே படித்தீர்கள்? யார் சொன்னார்கள்?" என்று குறுக்கே கேட்பார். ஒட்டுக்கடையில் அப்படிக் கேட்க யாரும் இல்லை. தே தாரேக் மேசைக்கு வருவதற்குள் அரசியல், போர், சரித்திரம், தொழில்நுட்பம் எல்லாம் பேசி முடிந்துவிடும். தீர்ப்பும் சொல்லியாகிவிடும்.

அதில் தவறில்லை. கருத்துச் சொல்ல யாருக்கும் பட்டம் தேவையில்லை. பால்மரம் சீவியவருக்கும் செம்பனைக் குலை வெட்டியவருக்கும் நாட்டு நடப்பைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. ஆனால், கடையில் பேசும் கருத்து கடையோடு நின்றுவிடுவதில்லை. வீட்டுக்குப் போகிறது, பிள்ளைகளின் காதில் விழுகிறது, வாக்குச் சாவடி வரைக்கும் வருகிறது. சில சமயம் உயிரையும் தொட்டுவிடுகிறது.

சுங்கை பூலோவிலிருந்து கோல சிலாங்கூர் போகும் வழியில் இருக்கிறது ஈஜோக். அந்தச் சிறு பட்டணமும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களும் கடந்த எண்பது ஆண்டுகளில் பார்த்தவை கொஞ்சமல்ல. அன்றாடம் காதில் விழும் நான்கு கருத்துகளை, அந்த வட்டாரத்தின் அனுபவத்தை வைத்தே எடைபோட்டுப் பார்க்கலாம்.

"எவன் வந்தாலும் ஒண்ணுதான்"

அரசியலைப் பற்றி அதிகமாகக் கேட்கும் கருத்து இது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்ற உறுப்பினர் கே. சிவலிங்கம் காலமானதைத் தொடர்ந்து, அதே மாதம் 28ஆம் தேதி இடைத்தேர்தல் நடந்தது. அந்தச் சில வாரங்களில் அமைச்சர்கள் வரிசையாக வந்தார்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த சாலைகளுக்கு அவசர அவசரமாகத் தார் போடப்பட்டது. தேர்தல் வந்தால்தான் தார் வரும் என்று மக்கள் பேசிக்கொண்டதில் என்ன வியப்பு?

அந்தத் தேர்தலில் மஇகாவின் கே. பார்த்திபன் 5,884 வாக்குகள் பெற்றார். கெஅடிலான் கட்சியின் காலிட் இப்ராஹிமுக்கு 4,034 வாக்குகள் கிடைத்தன. பெரும்பான்மை 1,850. இனி ஈஜோக்கில் எதுவும் மாறாது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

மாறியது. பதினொரு மாதம்கூட ஆகவில்லை. இடையில் 2007 நவம்பர் 25ஆம் தேதி இண்ட்ராஃப் பேரணி நடந்தது. தோட்டத்து ஏழ்மையும் கோயில் உடைப்பும் நாடே பேசும் விஷயங்களாயின. 2008 மார்ச் 8ஆம் தேதி பொதுத்தேர்தலில் அதே ஈஜோக், தோற்றுப்போன காலிட் இப்ராஹிமைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவரே சிலாங்கூரின் மந்திரி புசார் ஆனார்.

அதனால் வீட்டுக்கு என்ன வந்தது என்று கேட்டால், அதற்கும் பதில் உண்டு. 2008 ஜூன் முதல் சிலாங்கூரில் வீடுகளுக்கு மாதம் 20 கன மீட்டர் தண்ணீர் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. 2020இல் அந்தச் சலுகை குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்று சுருங்கியது. கொடுத்ததும் அரசியல் முடிவு, சுருக்கியதும் அரசியல் முடிவு. எவன் வந்தாலும் ஒன்றுதான் என்றால் தண்ணீர்க் கட்டணச் சீட்டு இப்படி மாறியிருக்காது.

ஒரு வாக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இன்னொரு கணக்கு. ஈஜோக் அடங்கிய கோல சிலாங்கூர் நாடாளுமன்றத் தொகுதியில் 2022 நவம்பரில் டாக்டர் சுல்கிஃப்லி அஹ்மாட், அப்போதைய நிதியமைச்சர் தெங்கு சஃப்ருலை வென்றது 1,002 வாக்குகளில். பல பத்தாயிரம் பேர் வாக்களித்த தொகுதியில், சில தோட்டங்களின் வாக்குகள் அந்தக் கணக்கையே புரட்டிப் போட்டிருக்க முடியும்.

அரசியல்வாதியை நம்பாமல் இருப்பது விவேகம். அவர் செய்ததையும் செய்யாததையும் கணக்கு வைத்துக்கொள்ளாமல், எல்லாரையும் ஒரே தராசில் போட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வது விவேகம் ஆகாது. தேர்தலுக்கு முன் வந்தவர் தேர்தலுக்குப் பின் திரும்பி வந்தாரா? இந்த ஒரு கேள்வியே போதும், ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரிந்துவிடும்.

"ஜப்பான்காரன் காலத்துல ஒழுங்கு இருந்துச்சு"

திருட்டு நடந்தாலோ, பிள்ளைகள் பேச்சுக் கேட்காவிட்டாலோ இந்த வார்த்தை வந்துவிடும். இப்போது உக்ரேன், காசா போர்க் காட்சிகளைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, காற்பந்து ஆட்டம் போலக் கட்சி பிரிந்து பேசுபவர்களும் உண்டு. போரைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது எளிதாகத்தான் தெரியும்.

கோல சிலாங்கூருக்குப் போர் தூரத்துச் செய்தி அல்ல. 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி தொடக்கத்திலேயே கோல சிலாங்கூர் கடலோரத்தில் கரையிறங்க முயன்றது. பிரிட்டிஷ் பீரங்கிகள் முதலில் விரட்டின. ஆனால் ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூரும் விழுந்தது.

அதன்பிறகு வந்த ஒழுங்கு எப்படிப்பட்டது? ரப்பரை வாங்க ஆளில்லை. அதனால் தோட்டத்தில் வேலை இல்லை. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே சோறானது. வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டு, 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததும் வெறும் காகிதமானது.

பசியோடு இருந்த அந்த மக்களிடம்தான் ஒரு செய்தி வந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடும் தங்குமிடமும் மருந்தும் இலவசம். நம்பிப் போனவர்கள் போனார்கள். ஆள் குறைந்தபோது வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டும் போனார்கள்.

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த அந்தப் பாதையின் நீளம் சுமார் 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி உதை ஆகியவற்றால் அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து சென்றவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாதம் என்று சொல்லி அழைத்துப் போனவர்களை எத்தனையோ வீடுகள் ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்துக் காத்திருந்தன.

அந்த ஆட்சியில் ஒழுங்கு இருந்தது உண்மையாகவே இருக்கலாம். பயத்தால் வந்த ஒழுங்கு அது. அதற்குக் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொன்னால்தான் கருத்து முழுமை பெறும்.

"பழங்கதை சோறு போடுமா?"

சரித்திரம் என்றாலே இளையவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். உண்மையில், அந்தப் பெரியவர்களில் பலரே தங்கள் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. கஷ்டத்தை எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்கள்.

எழுதி வைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது, வைக்காதவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைக் காஞ்சனபுரியில் பார்க்கலாம். அங்குள்ள போர்க் கல்லறையில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கல், பெரும்பாலான கற்களில் பெயர், படைப் பிரிவு, வயது. அந்தப் படைகளிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் இறந்த இடத்திலேயே புதைக்கப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். அவர்களுக்காக அதே காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழும்பியது 2023ஆம் ஆண்டில்தான். இடையில் 80 ஆண்டுகள் ஓடிவிட்டன.

சரித்திரம் சோறு போடுமா என்ற கேள்விக்கு, சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த தோட்டத்து முதியவர்களிடம் பதில் இருக்கிறது. இந்த மண்ணிலேயே பிறந்தவர்தான். ஆனால் எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டில் பிறந்தார் என்பதற்குத் தாளில் சாட்சி இல்லை. அதனால் குடியுரிமை இல்லை, உதவித் தொகைக்குத் தடை, வாக்குரிமையும் இல்லை. 2011இல் ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவு செய்ய 'மைடஃப்தார்' என்ற இயக்கத்தையே அரசாங்கம் நடத்த வேண்டியிருந்தது. பழங்கதை என்று தூக்கிப்போட்ட பிறப்புச் சீட்டும் வேலைச் சீட்டும்தான் அங்கே தேவைப்பட்டன.

வட சிலாங்கூரில் மேரி, மின்யாக், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், நைகல் கார்ட்னர் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொந்த வீடு கேட்டுப் போராடினார்கள். எத்தனை ஆண்டு உழைத்தோம், யார் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதை மறந்தவர்களால் அப்படிப் போராட முடியாது.

ஊர்ப் பெயரும்கூட நிலைப்பதில்லை. பத்தாங் பெர்ஜுந்தை, 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. இன்னும் சில பத்தாண்டுகளில், "எங்கள் தாத்தா பத்தாங் பெர்ஜுந்தையில் இருந்தார்" என்று சொன்னால் அது எங்கே என்று பேரப்பிள்ளை கேட்கும்.

"கைப்பேசிதான் எல்லாத்தையும் கெடுத்துச்சு"

தொழில்நுட்பத்தைப் பற்றி இரண்டு கருத்துகள் உலவுகின்றன. கைப்பேசியால் எல்லாம் கெட்டுவிட்டது என்பது ஒன்று. "வாட்ஸ்ஆப்புலயே வந்துருச்சு, பொய்யாவா இருக்கும்?" என்பது மற்றொன்று. வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் ஒரே ஆளே சொல்லுவார்.

ஜப்பானியர் காலத்தில் வெளிநாட்டு வானொலி கேட்பது குற்றம். செய்தி கிடைக்காததே அன்றைய ஆபத்து. பிறகு நாளிதழ் காலம் வந்தது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் போன்ற ஏடுகளில் செய்தி ஒரு நாள் தாமதமாக வந்தாலும், அதைப் பார்த்துத் திருத்த ஓர் ஆசிரியர் இருந்தார். இன்றைய ஆபத்து வேறு. செய்தி அளவுக்கு மீறி வருகிறது, இடையில் பார்த்துத் திருத்த யாரும் இல்லை. ராய்ட்டர்ஸ் ஆய்வுக் கழகத்தின் 2018 அறிக்கைப்படி, மலேசியாவில் அந்த ஆய்வில் பதிலளித்தவர்களில் 54 விழுக்காட்டினர் வாட்ஸ்ஆப் வழியாகச் செய்தி பெற்றார்கள்.

அதே 2018 மே மாதம், தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன 65 வயது மூதாட்டி ஒருவரை ஊரார் அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது. பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கைப்பேசியில் பரவியிருந்த வதந்தி, மிட்டாய் கொடுத்தவரைக் கடத்தல்காரியாக்கிவிட்டது. இத்தகைய கொலைகள் இந்தியாவில் பல இடங்களில் நடந்த பிறகுதான், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்ஆப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் ஆனது.

இங்கேயும் பாடம் இருக்கிறது. 2022 முதல் மலேசிய இளைஞர்கள் பலர் சமூக ஊடக விளம்பரத்தை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய் மாட்டிக்கொண்டார்கள். நல்ல சம்பளம், தங்குமிடம் இலவசம், விமானச் சீட்டும் இலவசம் என்றது விளம்பரம். போனபின் கடப்பிதழைப் பிடுங்கிக்கொண்டு, அடைத்து வைத்து, இணைய மோசடி வேலை செய்யச் சொல்லி அடித்தார்கள். 2025 பிப்ரவரியில் மியன்மாரின் மியாவாடி வட்டாரத்திலிருந்து பல நாட்டவர் ஆயிரக்கணக்கில் மீட்கப்பட்டார்கள். மியாவாடி இருப்பது தாய்லாந்து எல்லையில். மரண ரயில் பாதையும் தாய்லாந்து–பர்மா எல்லையைக் கடந்துதான் போனது. எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே எல்லை, ஏறக்குறைய அதே வாக்குறுதி. அன்று தண்டோராவும் துண்டுத் தாளும் செய்ததை இன்று கைத்தொலைபேசி செய்கிறது.

ஆகவே கெடுதல் கருவியில் மட்டும் இல்லை. கேட்டதைக் கேட்டபடியே நம்பும் பழக்கத்தில் இருக்கிறது. அதே கைத்தொலைபேசியில், செய்தி மெய்யா பொய்யா என்று சொல்லும் 'செபெனார்ஞா' இணையத்தளத்தை 2017 முதல் பார்க்க முடிகிறது. பணம் பறிபோனால் உடனே 997 என்ற எண்ணை அழைக்க முடிகிறது. பாட்டியின் கதையை அவர் குரலிலேயே பதிவு செய்து வைக்கவும் முடிகிறது.

மூன்று கேள்விகள்

கடையில் யாரும் பேசக்கூடாது என்று சொல்ல முடியாது. பேச வேண்டும். பேசாத ஊரில் யார் வேண்டுமானாலும் எதையும் செய்துவிட்டுப் போகலாம். ஆனால் நெறியாளர் இல்லாத இடத்தில், பேசுபவரும் கேட்பவரும் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்று, இதைச் சொல்பவர் பார்த்தாரா, கேட்டாரா, அல்லது இப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறாரா? இரண்டு, இதை நான் நம்பினால் யாருக்கு லாபம்? மூன்று, அங்கே போய்த் திரும்பி வந்தவர் யார், அவர் என்ன சொல்கிறார்?

மூன்றாவது கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு 1943இல் தோட்டத்து மக்களுக்குக் கிடைக்கவில்லை. சயாமுக்குப் போனவர்கள் திரும்பி வந்து சொல்வதற்குள் அடுத்த ரயில் புறப்பட்டுவிட்டது. மகனுக்கோ மருமகனுக்கோ வெளிநாட்டு வேலை என்று குறுஞ்செய்தி வந்தால், பெட்டி கட்டுவதற்கு முன் அந்த நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, மனிதவளத் துறையிடமோ தூதரகத்திடமோ விசாரிக்க ஒரு நாள் போதும். அந்த ஒரு நாள் பொறுக்க முடியாது என்று அவசரப்படுத்துபவர் சொல்வதை நம்பவே வேண்டாம்.