மூன்று சுரங்கள், ஓர் இசைவு

கிட்டார் ஆலயத்துக்கு ஏற்ற கருவிதானா என்னும் ஐயம் நம் பெரியவர் சிலருக்கு உண்டு. 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், ஆஸ்திரியாவின் ஓபெர்ன்டோர்ஃப் ஊர் ஆலயத்தில், ‘சைலன்ட் நைட்’ என்று உலகறிந்த பாடல் முதன்முறையாக ஒலித்தபோது துணைநின்றது கிட்டாரே. அதன் வரிகளை இயற்றியவர் அங்கு உதவிக் குருவாயிருந்த யோசேப்பு மோர். இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல், குழல் ஆர்கனைப் பெரிதும் போற்றியதோடு, வழிபாட்டுக்குத் தகுந்த பிற கருவிகளையும் உரிய அதிகாரியின் இசைவோடு ஏற்றது.

கிட்டார் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்பவற்றுள் ஒன்று ‘சி மேஜர்’ என்னும் கார்ட். கார்ட் என்பது ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டம். சி என்பதை ஷட்ஜமாகக் கொண்டால், அந்தர காந்தாரமும் பஞ்சமமும் அதனோடு சேர்கின்றன. ஷட்ஜத்திலிருந்து காந்தாரம் நான்கு அரைச்சுரம். அங்கிருந்து பஞ்சமம் மூன்று. அவற்றின் அதிர்வுகள் ஏறத்தாழ 4, 5, 6 என்ற விகிதத்தில் அமைவதால் செவிக்கு இனிமை உண்டாகிறது.

மெல்லிய தந்தியை முதலாவதாக எண்ணுக. மோதிர விரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டிலும், நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டிலும், சுட்டுவிரல் இரண்டாம் தந்தியின் முதல் மெட்டிலும் அழுந்தட்டும். முதல், மூன்றாம் தந்திகளைத் திறந்து விடுக. ஆறாவதை மீட்ட வேண்டா. விரல் சாய்ந்தால் அடுத்த தந்தி ஊமையாகும். நுனியால் நிமிர்த்தி அழுத்துக. தொடக்கத்தில் நுனி நோகும். பெற்றோர் அப்போது பிள்ளைகளை ஊக்குவிப்பார்களாக.

நடுநின்ற காந்தாரத்தை அரைச்சுரம் தாழ்த்தினால் அது மைனர் ஆகிறது. களிப்பின் சாயல் மறைந்து சோகம் படர்கிறது. அடிச்சுரமும் பஞ்சமமும் அசையவில்லை. இடையில் நின்ற ஒன்றே அனைத்தையும் மாற்றிவிட்டது. குடும்பத்தில் இருவருக்கு இடையே நிற்பவரின் ஒரு சொல்லும் இத்தகையதே.

ஒரு ஞாயிறு திருப்பலியில் நம் இளைஞர்களின் கிட்டார் ஓசையில் மக்கள் குரல் முற்றும் அமிழ்ந்தது. முன்வரிசை மூதாட்டி ஒருவர் பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இளைஞரைக் கடிந்து பயனில்லை. ஒலிபெருக்கியை வாங்கிக் கொடுத்தவர் நாமே! மறுவாரம் அதைத் தணித்து, மென்மையாக மீட்டச் சொன்னோம். புத்தகம் மீண்டும் திறந்தது.

சாய்ந்த விரல் பக்கத்துத் தந்தியை ஊமையாக்குகிறது. மிகுந்த ஓசை பக்கத்து மனிதரை ஊமையாக்குகிறது. பாடற்குழுவினரே, மீட்டும்போதே மக்களின் குரலுக்கும் செவிகொடுங்கள்.