கொக்கலை இல்லமும் எம் நாற்சார் வீடும்

ஊர்களைக் கண்டுவருதலும் கல்வியின் ஒரு கூறாகும் என்பது எம் ஆசிரியர்கள் எமக்கு உணர்த்திய உண்மை. கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னும் அவ்வுண்மை எம்மை விட்டு அகலவில்லை. ஆதலின் பழைய மாணவராகிய நாம் சிலர் ஒருங்குகூடி, சுன்னாகத்திலிருந்து விடியுமுன் வாகனத்திற் புறப்பட்டு, ஆனையிறவைக் கடந்து, வன்னியூடாக அநுராதபுரம், குருநாகல், கொழும்பு ஆகிய நகரங்களைத் தாண்டித் தென்னிலங்கையை அடைந்தோம். காலிக்குக் கிழக்கே கடலோரத்தில் அமைந்த கொக்கலை என்னும் ஊரே நாம் நாடிச்சென்ற இடம். அங்கு நாம் காண விரும்பியது, ஒரு கிராமக் குடும்பம் வாழ்ந்த ஓட்டு வீடு.

சிங்கள இலக்கியத்தின் முதுபெரும் எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890ஆம் ஆண்டில் இவ்வீட்டிற் பிறந்தார். கிராம வாழ்க்கை சிதைந்து மாறுவதைச் சித்திரிக்கும் அவருடைய ‘கம்பெரலிய’ என்னும் நாவல் 1944இல் வெளிவந்தது. ‘கிராமப் பிறழ்வு’ என்ற பெயரில் தமிழிலும் உண்டு. 1976இல் மறைந்த அவருடைய சமாதி அவ்வளவிலேயே உள்ளது.

இவ்வீடு எஞ்சிய வரலாறே எம் நெஞ்சைத் தொட்டது. இரண்டாம் உலகப் போரின்போது கொக்கலை வாவியில் நீரில் இறங்கும் விமானங்களுக்கான தளமொன்றைப் பிரித்தானியர் அமைத்தனர். 1942 ஏப்பிரல் 4ஆம் நாள் இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையை முதலிற் கண்டறிந்த விமானம் இத்தளத்திலிருந்தே சென்றது. தளத்தின் பொருட்டுக் கிராமத்தவர் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. அவ்வழிவிலும் இந்த ஒரு வீடு தப்பி நின்றது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. அதன் அருகே நாட்டார் பண்பாட்டு அரும்பொருட் காட்சிச்சாலையும் எழுந்தது. மாட்டு வண்டிகள், உழவுக் கருவிகள், மட்பாண்டங்கள், பொம்மலாட்டப் பாவைகள், கூத்து முகமூடிகள் ஆகியன அங்கு வைக்கப்பட்டுள்ளன. அடுக்களைப் பொருள்களைக் கண்டபோது எம் ஆச்சிமாரின் நினைவு எழுந்தது.

இத்தகைய முயற்சி பிற நாடுகளிலும் உண்டு. சுவீடன் தலைநகர் ஸ்ரொக்ஹோமில் 1891ஆம் ஆண்டிலேயே பழைய குடியானவர் வீடுகளைக் கழற்றிக் கொணர்ந்து மீண்டும் பொருத்தி, ஸ்கான்சென் என்னும் திறந்தவெளிக் காட்சிச்சாலையை அமைத்தனர். அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 160 ஏக்கர் நிலம் பெற்றுக் குடியேறியோர் கட்டிய எளிய மர வீடுகளும் இன்று பேணப்படுகின்றன. அரசர் கதையைக் கல்வெட்டுக் கூறும். குடிமக்கள் கதையை வீடே கூறவேண்டும்.

இனி, எம்மவர் வீட்டைச் சிறிது நோக்குவோம். நாற்சார் வீடென்பது நடுமுற்றத்தைச் சூழ நான்கு புறமும் தாழ்வாரமும் அறைகளும் அமைந்தது. கூரை உள்நோக்கிச் சரிவதால் மழைநீர் முற்றத்தில் வீழ்ந்து மடைவழியே வெளியேறும். வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலெழ, அறைகள் குளிர்ந்திருக்கும். கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட தடித்த சுவர். வைரம் பாய்ந்த பனையிற் செய்த வளையும் சிலாகையும். வாயிலிற் கூரையுடன் அமைந்த சங்கடப்படலையோ வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கி இளைப்பாறுவதற்கென்றே கட்டப்பட்டது. முன்பின் அறியாதவனையும் விருந்தாக எண்ணிய மனப்பாங்கு அதில் உறைந்திருக்கிறது.

அவ்வீடுகள் இன்று எத்தனை உள? பலாலி விமானத்தளமும் அதே போர்க்காலத்திற் பிரித்தானியர் அமைத்ததே. 1990இல் அதனைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆண்டுகள் பல கழிந்து நிலம் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பியோரிற் பலர் தம் வளவைக் கிணற்றைக்கொண்டே அடையாளங் கண்டனர். 1995இல் சுன்னாகத்தாராகிய நாமும் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு தென்மராட்சி நோக்கி நடந்தோம்.

ஆயினும் பழியனைத்தையும் போரின்மேற் சுமத்துதல் நேர்மையாகாது. போருக்குத் தப்பிய வீடுகளை நாமே இடித்து வருகின்றோம். பிள்ளைகள் கடல்கடந்து வாழ, பராமரிப்பாரின்றிக் கூரை இறங்குகிறது. தேக்கந் தூணும் சித்திரக் கதவும் விலைபோகின்றன. நாவற்குழியில் 2020இல் திறக்கப்பட்ட சிவபூமி அருங்காட்சியகம் பழம்பொருள்களைத் திரட்டிப் பேணுவது போற்றற்குரியது. எனினும், வீடு தன் மண்ணிலே, தன் கிணற்றோடும் வேலியோடும் நின்றாலன்றி அதன் பொருள் முழுமையாக விளங்காது. கொக்கலை எமக்குக் கற்பித்த பாடம் இதுவே.

எனவே விழாக் காணும் இவ்வேளையில் ஒரு பணியை எம் பழைய மாணவர் முன் வைக்கின்றோம். முதலாவதாக, எம் அயலில் எஞ்சியுள்ள நாற்சார் வீடுகளை அளந்து, வரைந்து, படம் பிடித்து ஆவணப்படுத்துவோம். அடுத்து, வீட்டின் ஒவ்வோர் உறுப்புக்கும் வழங்கிய பெயரை முதியோரிடம் கேட்டெழுதுவோம். அவர்களுக்குப் பின் அப்பெயரைச் சொல்வார் இலர். மூன்றாவதாக, உரிமையாளர் இசைவுடன் ஒரு வீட்டையேனும் செப்பனிட்டு, மாணவர் சென்று காணத் திறந்துவைப்போம். போர் சூழ்ந்த கொக்கலையில் ஒரு வீடு நிலைத்தது; சுன்னாகத்திலும் ஒன்று நிலைக்கட்டும்.