மரீயாவும் மார்யோவும்

1960களில் எழும்பத் தொடங்கிய சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகள்தான், 80களில் ரொறன்ரோ வந்த ஈழத்தமிழர் பலருக்கு முதல் வீடு. அங்கே லிஃப்றுக்குள் தமிழோடு ஸ்பானிஷும் காதில் விழும். நம் பிள்ளை பக்கத்து வீட்டுப் பையனை ‘மா-ரி-யோ’ என்று மூன்று அசையாகக் கூப்பிடும். அவனுடைய அம்மாவுக்கோ அவன் ‘மா-ர்யோ’, இரண்டே அசை. ஸ்பானிஷ் எழுத்துமுறையின் பாதி இந்த ஓர் அசைக்குள் இருக்கிறது.

தமிழில் இரண்டு உயிர்கள் சேரும் இடத்தில் ய் அல்லது வ் வந்து நிற்கும்: மணியடித்தது, பூவழகு. நன்னூல் இதை உடம்படுமெய் என்கிறது. ஸ்பானிஷ் மெய்யை அழைப்பதில்லை. அதன் ஐந்து உயிர்களில் அ, எ, ஒ வலியவை. இ, உ மெலியவை. வலியவை இரண்டு சந்தித்தால் பிரிந்தே ஒலிக்கும். மெலியது வலியதோடு சேர்ந்தால் கரைந்து ஓரசையாகிவிடும். நாம் நான்கு அசையாகச் சொல்லும் கொலம்பியா அவர்களுக்கு ‘கொ-லோம்-ப்யா’.

மெலியது கரையாமல் தனித்து ஒலிக்க வேண்டுமானால் அதன் தலையில் ஒரு சாய்கோடு போடுவார்கள். அதன் பெயர் தில்தே. ‘சா-ப்யா’ என்றால் அறிவுள்ளவள். கோடு போட்டால் ‘ச-பீ-யா’, அதாவது ‘எனக்குத் தெரிந்திருந்தது’. மரீயா மூன்று அசையாக நிற்பதும் அந்தக் கோட்டால்தான்.

கோட்டுக்கு அழுத்தம் காட்டும் வேலையும் உண்டு. உயிரிலோ, n, s எழுத்திலோ முடியும் சொல்லில் கடைசிக்கு முந்திய அசை அழுத்தம் பெறும். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசை. விதியை மீறும் பெரு, பனாமா, பொகொதா போன்றவற்றுக்குக் கோடு கட்டாயம். ‘பாபா’வின் முதலசையை அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு, கடைசியை அழுத்தினால் அப்பா. கல், கால் என நீளத்தால் பொருளைப் பிரித்துப் பழகிய நமக்கு, நீட்டாமல் அழுத்துவதுதான் கடினம்.

எழுத்தைப் பார்த்தே அசையையும் அழுத்தத்தையும் அறியலாம் என்பதே இந்த முறையின் அழகு. அதனால் 2010இல் ஸ்பானிஷ் அரச அகாதமி செய்த ஒரு மாற்றம் எனக்கு உவப்பாக இல்லை. இணைகோட்டைக் குறிக்கும் ‘கியோன்’ என்ற சொல்லைப் பலர் ‘கி-ஓன்’ என்று பிரித்தே சொல்கிறார்கள். எழுத்து விதிப்படி அது ஓரசை, ஓரசைச் சொல்லுக்குப் பொதுவாகக் கோடு கிடையாது என்று சொல்லி, அதுவரை விருப்பம்போல் போட அனுமதித்த கோட்டை அகாதமி நீக்கிவிட்டது.