விடைத்தாளை மீண்டும் விரித்தல்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் திருத்தப்பெற்று வகுப்புக்கு வரும் நாளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். மதிப்பெண் குறைந்த மாணவர் முதற்பக்கத்து எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார். அவருக்கு மிகுதியாகக் கற்றுத் தரக்கூடிய தாள் அதுவே. அதனை அவர் மீண்டும் விரிப்பதே இல்லை. வெட்கம் தடுக்கிறது. அது இயல்புதான், ஆயினும் அவ்வெட்கத்திற்கு அவர் கொடுக்கும் விலை பெரிது.

தோல்வியை விரித்துப் பார்த்த மாணவர் ஒருவரைக் காண்போம். அவர் காந்தியடிகள். அவரும் தேர்வில் தோற்றவரா என வியப்புத் தோன்றலாம். தம் தன்வரலாறான ‘சத்திய சோதனை’யில் அதனை அவரே ஒளிவின்றி எழுதியுள்ளார்.

சட்டம் பயில 1888ஆம் ஆண்டு இலண்டன் சென்ற அவர், உடன் இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வையும் எழுத முற்பட்டார். அதில் இலத்தீன் கட்டாயப் பாடம். அவருக்கோ அது புதிய மொழி. தேர்வுக்கு எஞ்சியிருந்தவை ஐந்தே மாதங்கள். தனி வகுப்பில் சேர்ந்து, நிமிடக் கணக்கில் நேரத்தைப் பகுத்துப் படித்தார். இருந்தும் இலத்தீனில் தோற்றார்.

அதன்பின் அவர் செய்தவையே நம் கவனத்திற்குரியவை. தோற்ற பாடத்தை வெறுப்பது மனித இயல்பு. அவருக்கோ அதற்குள் இலத்தீனில் சுவை பிறந்திருந்தது. ஆகவே மறுமுறை எழுதத் தயங்கவில்லை. மாறாக, வேதியியலைக் கைவிட்டார்! இந்தியாவில் கட்டாயப் பாடமாக இருந்தது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்திருந்ததையும், சோதனைகள் செய்து பார்க்காமல் படித்ததால் அதில் ஈடுபாடு உண்டாகாததையும் அவர் உணர்ந்தார். அதற்கு மாற்றாக வெப்பமும் ஒளியும் என்னும் பாடத்தை எடுத்துக்கொண்டார்.

பாடங்களோடு அவர் நிற்கவில்லை. வாழும் முறையையும் மாற்றினார். இரண்டு அறைகளை விட்டு ஒரே அறைக்குக் குடிபெயர்ந்தார். ஓர் அடுப்பு வாங்கிக் காலையில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினார். இரவில் ரொட்டியும் கோகோவும். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் உணவு முடிந்தது. படிப்பதற்கு நேரமும் மிஞ்சியது. அடுத்த முறை தேர்ச்சி பெற்றார்.

இத்தெளிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வண்டிக் கட்டணம், செய்தித்தாளுக்குக் கொடுத்த சில்லறை என ஒவ்வொரு செலவையும் எழுதி, உறங்கச் செல்லுமுன் இருப்பைச் சரிபார்த்துவிடுவார். தன்னாய்வும் இத்தகைய கணக்குப் பார்த்தலே என்பது என் கருத்து. இருப்பு குறைந்தால், கணக்கு எழுதுபவர் தம்மை வைதுகொண்டு அமர்ந்திருப்பதில்லை. எந்த வரியில் குறைந்தது என்று தேடுகிறார். ‘எனக்குக் கணக்குப் பாடம் வராது’ என்று சொல்லும் மாணவர் தேடலைத் தொடங்குமுன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறார். ‘மூன்றாம் வினாவில் குறியை மாற்றிப் போட்டேன்’ என்பவருக்கோ நாளைக் காலையில் செய்ய ஒரு வேலை இருக்கிறது.

ஆகவே, விடைத்தாளை விரியுங்கள். அன்றைக்கே வேண்டுமென்பதில்லை, மனம் ஆறிய பின் விரிக்கலாம். இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். படிக்காமல் விட்டதா, படித்தும் புரியாததா, புரிந்தும் மறந்ததா, வினாவைத் தவறாகப் படித்ததா, நேரம் போதாமையா? இவை வெளித்தோற்றத்திற்கு ஒன்றுபோல் இருப்பினும் மருந்து வெவ்வேறு. புரியாததை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் பயனில்லை. ஆசிரியரிடம் கேட்க வேண்டும். மறந்ததற்குப் புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்த்தல் உதவும். நேரம் போதாதவர், கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு பழைய வினாத்தாளை எழுதிப் பழக வேண்டும். ‘இனி நன்றாகப் படிப்பேன்’ என்னும் பொதுவான உறுதிமொழி இவற்றுள் எதற்கும் மருந்தாகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாப் பிழையையும் தன்மேல் ஏற்றிக்கொள்வதும் தவறான கணக்கே. தேர்வு வாரத்தில் காய்ச்சல் வந்திருக்கலாம். பள்ளி விட்டதும் கடையில் வேலை பார்க்க வேண்டிய குடும்பச் சூழல் இருக்கலாம். அவற்றையும் அவற்றிற்குரிய வரியில் எழுதுங்கள். அவை சாக்குகள் அல்ல. ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ எடுத்துச் சொல்லி உதவி கேட்பதற்குரிய செய்திகள். அதே நேர்மை மறுபுறமும் வேண்டும். இலண்டன் செல்லுமுன் பவநகர் சாமல்தாஸ் கல்லூரியில் ஒரு பருவம் படித்த காந்தியடிகளுக்குப் பாடங்கள் விளங்கவில்லை. ஆசிரியர்கள் சிறந்தவர்களே, தாம்தான் அப்போது பக்குவம் அடையவில்லை என்று அவர் எழுதினார்.

அவரைத் தோற்கடித்த இலத்தீன் வீண்போகவில்லை. பின்னர் அவர் உரோமானியச் சட்ட நூலை அம்மொழியிலேயே படித்தார். உரோமன் டச்சுச் சட்டம் வழங்கிய தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராகப் பணியாற்றியபோது அப்படிப்பு அவருக்குக் கைகொடுத்தது.